தொங்கும் சைலன்சரைக் கட்டி இறுக்குவதற்கு முன்

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது காரின் பின்பக்கம் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் சைலன்சர் ஒரு பக்கம் சரிந்து தொங்குகிறது. உடனே எல்லோருக்கும் தோன்றுவது, அதைத் தாங்கும் றப்பரை இறுக்கிவிடலாம் என்பதுதான். கேபிள் டை சுற்றுவார்கள், கட்டுக்கம்பியை முறுக்குவார்கள். சைலன்சரும் மேலே வந்துவிடும். ஆனால் றப்பர் அசையாதபடி கட்டிவிட்டால், செலவு வேறு இடத்தில் வந்து நிற்கும்.

சைலன்சர் றப்பர் பாரத்தைத் தூக்கிப் பிடிப்பதற்கு மட்டும் வைத்ததல்ல. எஞ்சின் தன்னைத் தாங்கும் மவுண்டுகளின் மேல் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கிறது. நம் ஊரில் ஓடும் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் இழுபடுபவை. அவற்றில் எஞ்சின் குறுக்காக இருப்பதால், அக்சிலரேட்டரை மிதிக்கும்போது முன்னும் பின்னுமாகச் சாய்கிறது. புகைக்குழாயும் கூடவே நகர வேண்டும். சூட்டில் குழாய் நீள்வதும் உண்டு. நான்கு மீற்றர் இரும்புக் குழாய் 300 பாகை சூடேறினால் ஏறக்குறைய 14 மில்லிமீற்றர் நீளும். இந்த அசைவையெல்லாம் வாங்கிக்கொள்வது றப்பர்தான். அதைக் கம்பியால் கட்டிப்போட்டால் இழுபறி முழுவதும் வளையக்கூடிய பிளெக்ஸ் பைப்புக்கும் வெல்டிங் மூட்டுக்கும் எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிபோல்டுக்கும் போகிறது. அங்கே வெடிப்பு விழுந்தால் றப்பர் விலையோடு முடியாது.

கட்டியது அதிகமாகிவிட்டதா என்பதைக் காரே சொல்லிவிடும். மாலை நெரிசலில், கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் வீதியில் ஓட்டோமெட்டிக் காரை 'டி' கியரில் போட்டு, பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது இருக்கைக்கு அடியிலிருந்து ஓர் உறுமல் ஏறி வந்தால், குழாய் எங்கோ நேராகக் காரின் உடம்பில் முட்டுகிறது.

இன்னொரு தவறு, ஏன் தொங்குகிறது என்று பார்க்காமலே றப்பரைக் குறை சொல்வது. கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்றிலேயே நிற்கும் கார்களில் றப்பர் நன்றாக இருக்க, அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கொக்கி உப்பில் அரித்துப் போயிருப்பதும் உண்டு. ஸ்குரூ டிரைவரின் பிடியால் கொக்கியின் அடியைத் தட்டிப் பாருங்கள். துரு படலம் படலமாக உதிர்ந்தால் அது வெல்டிங் பாஸின் வேலை. எஞ்சின் மவுண்ட் உட்கார்ந்துவிட்டாலும் குழாய் முழுவதும் சரியும்.

சைலன்சர் உள்ளிருந்தும் அரிக்கிறது. பெற்றோல் எரியும்போது நீராவியும் வரும். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகக் கிட்ட ஓட்டங்களே ஓடும் காரில் பின்னாலுள்ள சைலன்சர் போதிய அளவு சூடேறுவதில்லை. தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். பல சைலன்சர்களின் அடியில் இதற்கென்றே ஒரு சின்னத் துளை இருக்கும். ஒழுகுகிறதே என்று அதை அடைத்துவிடுபவர்கள் உண்டு, தயவுசெய்து அடைக்க வேண்டாம்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, றப்பர்தான் தளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என் எண்ணத்தில், இறுக்குவதைவிட மாற்றுவதே நல்லது. அதுவும் ஒன்றை மட்டும் மாற்றினால் பாரம் முழுவதும் புதியதில் விழும். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். கார் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போவதென்றால் பழைய றப்பரைக் கையோடு கொண்டு போங்கள். துளையின் அகலத்தைவிட முக்கியம், றப்பரிலுள்ள இரண்டு துளைகளுக்கும் இடையிலுள்ள தூரம். சைலன்சர் எந்த உயரத்தில் தொங்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கழற்றிய றப்பரை விற்கிறார்கள் என்றால் துளையை இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள். ஓரத்தில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

மாட்டும்போது கொக்கியில் எஞ்சின் ஒயிலோ கிரீஸோ பூசக் கூடாது. இந்த றப்பர் பெரும்பாலும் பெற்றோலிய எண்ணெய் பட்டால் ஊதி மெத்தென்றாகிவிடும் வகை. சவர்க்காரத் தண்ணீர் போதும், வழுக்கிக்கொண்டு ஏறும்.

மாற்ற வழியில்லை, கொஞ்சம் இறுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் குழாயின் கடைசியில், சைலன்சர் பக்கமுள்ள றப்பரை மட்டும் தொடுங்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குக் கிட்ட உள்ளதை விட்டுவிடுங்கள். அந்தச் சூட்டில் சாதாரண நைலோன் கேபிள் டை இளகி அறுந்துவிடும். கட்டுக்கம்பி எங்கே கட்டினாலும் றப்பரை அறுக்கும். துருப்பிடிக்காத தட்டையான ஹோஸ் கிளிப்பை றப்பரின் இடுப்பைச் சுற்றிப் போட்டு, அது விரியாமல் பிடிக்கும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். விறைப்பான பொலியூரித்தேன் றப்பர் போடுவதானாலும் பின்னால் மட்டும் போதும்.

இதெல்லாம் எஞ்சின் ஆறிய பிறகுதான். வெறும் ஜக்கை நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும். புகைக்குழாயில் 'புஸ்' என்று கசிவு கேட்டால் அதை முதலில் அடையுங்கள். மணமில்லாத நச்சுப்புகை காருக்குள் வரக்கூடும்.

வேலை முடிந்து காரை இறக்கியதும் குழாயின் நுனியைக் கையால் எல்லாப் பக்கமும் தள்ளிப் பாருங்கள். அசைய வேண்டும், விட்டதும் பழைய இடத்துக்கே வர வேண்டும். பம்பருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் ஓட்டி வந்து, குழாயைத் தொடாமல் அதே இடைவெளியை இன்னொரு தடவை பாருங்கள். சூட்டில் நீண்டு பம்பரில் முட்டுகிறது என்றால், ஆறியதும் கிளிப்பை ஒரு சுற்றுத் தளர்த்திவிடுங்கள்.