ஆடியில் நிற்கும் 407: நிறுத்தி வைப்பதும் திரும்ப எழுப்புவதும்

எங்கள் டாடா 407 சிறு லாரி திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி நிற்கிறது. அப்பாவின் வாடகைப் பாத்திரக் கடை வண்டி. முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் மூன்று மண்டபம் போய் வரும். ஆடி பிறந்தால் நின்றுவிடும், மார்கழியிலும் அப்படித்தான். இரண்டு வருடம் முன்பு ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு, அண்டா, தவலை, இட்லிக் கொப்பரை எல்லாம் ஏற்றிவிட்டு சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு வேறு வண்டி பிடித்து அத்தனையையும் இறக்கி ஏற்றினோம். தண்டையார்பேட்டை மண்டபத்தில் டிபன் ஒரு மணி நேரம் தாமதம். அப்பா அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

அதன் பிறகு கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். நிற்கிற டீசல் வண்டியைக் கெடுப்பது தண்ணீர். டேங்க், ஆயில், பிரேக் டிரம், பேட்டரி முனை என்று ஈரம் சேரும் இடங்களைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. நம் பக்கம் உப்புக் காற்று வேறு.

நிறுத்தும் முன்

டேங்கை நிரப்புங்கள். பாதி காலியாக இருந்தால் உள்ளே காற்று இருக்கும். பகலில் சூடேறி இரவில் ஆறும்போது அந்தக் காற்றிலுள்ள ஈரம் உள்சுவரில் வியர்த்து வடியும். டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். இரண்டும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்பாக, வழவழவென்று படியும். டீசல் ஃபில்டரை அடைப்பது அதுதான். "ஓடாத வண்டிக்கு எதுக்குடா ஃபுல் டேங்க்?" என்று அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது ஆனி கடைசியில் அவரே பங்க்குக்கு ஓட்டிப் போகிறார்.

எஞ்சின் ஆயிலை ஓட்டம் குறைவாக இருந்தாலும் வருடம் ஒரு முறை மாற்றுங்கள். அதையும் நிறுத்தும் முன்பே செய்யுங்கள். ஓடிய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். அதோடு வண்டி நின்றால் பேரிங் அரிக்கும்.

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். ஈரக் காற்றில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள்.

பேட்டரியில் மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். முனைகளில் வாசலின் தடவினால் போதும், விலை உயர்ந்த ஸ்பிரே எதுவும் தேவையில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 காட்டும். 12.4க்குக் கீழே இறங்கினால் கழற்றி சார்ஜ் போடுங்கள். அப்படியே விட்டால் தகட்டில் சல்பேட் படியும், அதன் பிறகு பழைய பலம் வராது.

பின்பக்கத்தைக் கூட்டிக் கழுவ மறக்காதீர்கள். எங்கள் வண்டியில் சிந்திக் கிடந்த அரிசிக்காக வந்த பெருச்சாளி, ஹெட்லைட் வயரைக் கடித்துவிட்டுப் போனது. சேஸ் அடியிலும் ஸ்பிரிங் பட்டையிலும் நல்ல தண்ணீர் பீய்ச்சி உப்பை இறக்கிவிடுங்கள்.

தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்யலாமா?

வேண்டாம். எங்கள் தெருவில் பலரும் இதைத்தான் பராமரிப்பு என்று நம்புகிறார்கள். ஐடிலில் டீசல் எஞ்சின் சரியாகச் சூடேறாது. டீசல் எரியும்போது நீராவியும் உண்டாகும். சூடில்லாத எஞ்சினில் அது ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கும். செல்ஃப் எடுத்த கரண்டையும் அந்த ஐந்து நிமிடம் திருப்பித் தராது. பத்து நாளுக்கு ஒரு முறை முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். நான் ஞாயிறு விடியலில், கன்டெய்னர் லாரி வரிசை கட்டும் முன்பே, எண்ணூர் வழியாக மீஞ்சூர் பக்கம் போய்த் திரும்புவேன். டயரும் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்காது.

தண்ணீர் வடிப்பது

டீசல் ஃபில்டர் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். அதன் கீழே கண்ணாடி பாட்டிலைப் பிடித்துத் திறங்கள். பிளாஸ்டிக் கேனில் எதுவும் தெரியாது. அன்று எங்கள் வண்டியில் பிடித்ததைப் பத்து நிமிடம் ஜன்னலில் வைத்தேன். மேலே வெளிர் மஞ்சளில் டீசல், கீழே இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர், நடுவில் கறுப்பு நூல் நூலாக மிதந்தது. சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள். கறுப்பு தெரிந்தால் ஃபில்டரையே மாற்றுங்கள்.

ஏர் எடுப்பது

இதில்தான் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். ஃபில்டரைத் திறந்தாலே லைனில் காற்று புகும். பம்ப் காற்றை அழுத்துமே தவிர, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நோசிலுக்கு டீசல் போகாது. அந்தக் காற்றை வெளியேற்றுவதுதான் ஏர் எடுப்பது.

டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் மேல் இருக்கும் கைப்பிடியைத் திருகித் தளர்த்தினால் மேலும் கீழும் அசையும். ஃபில்டர் தலையிலுள்ள ஏர் திருகை ஒரு சுற்று தளர்த்தி, அந்தக் கைப்பிடியை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, கடைசியில் கம்பிபோல டீசல். நான் அப்போது அடிப்பதை நிறுத்திவிட்டுத் திருகை முடுக்கினேன். நிறுத்திய அந்த நொடியில் காற்று திரும்ப உள்ளே போய்விடும். ஒரு கையால் அடிக்கும்போதே மறு கையால் முடுக்க வேண்டும். பக்கத்துப் பட்டறை மெக்கானிக் அண்ணன் என் கையைப் பிடித்தே காட்டினார்: "தம்பி, இந்தக் கை நிக்கக் கூடாது."

அதன் பிறகும் காற்று வந்தது. காரணம், பழைய செம்பு வாஷர். ஒரு முறை நசுங்கியது மறுமுறை சரியாக உட்காராது. புதிய வாஷர் போட்டதும் நின்றது. ரிங் ஸ்பேனர்தான் வேண்டும். ஸ்க்ரூ ஸ்பேனர் நட்டின் முனையை மழுக்கிவிடும்.

ஃபில்டர் முடிந்ததும் டீசல் பம்ப் மேலுள்ள ஏர் திருகிலும் இதையே செய்யுங்கள். கைப்பிடியைத் திரும்ப முடுக்குங்கள். அப்புறம் செல்ஃப்: ஒரு முறைக்கு பத்து விநாடி, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டார் எரிந்துவிடும்.

பிற்சேர்க்கை 1: "என்னுடையது பிஎஸ் 6 பிக்கப், நானும் இப்படி ஏர் எடுக்கலாமா?" என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். மேலே சொன்னது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும். பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த புதிய வண்டிகளில் இருப்பது காமன் ரெயில் எஞ்சின், அதாவது எல்லா நோசிலுக்கும் ஒரே குழாயில் டீசல் அழுத்தத்தோடு நிற்கும். அதில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். அந்த பைப் நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், தயவுசெய்து தொடாதீர்கள். புகையைச் சுத்தம் செய்ய யூரியா கரைசல் ஊற்றும் வண்டி என்றால் அது 32.5 சதவீதக் கரைசல். குறைந்தால் தண்ணீர் ஊற்றி நிரப்பக் கூடாது. வெயிலில் நின்று நின்று அது கெட்டும் போகும்.

பிற்சேர்க்கை 2: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வண்டி நின்றதாக மணலியிலிருந்து ஒருவர் எழுதினார். எஞ்சின் ஆயில் மாற்றினாராம், வண்டி ஓடியதாம், பிறகு பின் ஆக்சிலில் சத்தம். சக்கரம் பாதி முங்கினாலே ஆக்சிலின் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் போகும். பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் ஆயிலையும் கியர் பாக்ஸ் ஆயிலையும் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால், முழுவதும் இறக்கிப் புதிது ஊற்றும்வரை வண்டியை நகர்த்த வேண்டாம்.