நாலு அடாப்டர் வேண்டாம், ஒன்று போதும்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறீர்களா? ஒவ்வொரு சார்ஜருக்கும் தனி அடாப்டர் வாங்காதீர்கள். போகும் நாட்டுக்கான மூன்று பின் அடாப்டர் ஒன்று, நம்மூர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று போதும். அடாப்டரில் பாக்ஸை மாட்டி, சார்ஜர்களை எல்லாம் பாக்ஸில் செருகிக்கொள்ளலாம். இரண்டும் பெங்களூருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியான எஸ்.பி. ரோட்டிலேயே கிடைக்கும்.

லேப்டாப், ஃபோன் சார்ஜர்களில் பெரும்பாலும் ‘100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அப்படியிருந்தால் எந்த நாட்டு மின்சாரமும் அதற்கு ஒத்துவரும். மாறுவது பின்னின் வடிவம் மட்டுமே. அடாப்டரில் எர்த் இணைப்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். சில மலிவானவற்றில் மூன்றாவது பின் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும். எர்த் இல்லாவிட்டால், மெட்டல் லேப்டாப்பைத் தொடும்போது கை சுர்ரென்னலாம்.

கெட்டில், அயர்ன் பாக்ஸ், குக்கர் எதையும் இதில் மாட்டக்கூடாது, அடாப்டர் உருகிவிடலாம். அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட்தான். நம்மூர் 230 வோல்ட் கெட்டில் அங்கே கால்பங்கு சூடுதான் தரும், மிக்ஸி திணறும்; அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சில ஹாஸ்டல்களில் வெளிநாட்டு எக்ஸ்டென்ஷனுக்கே தடை உண்டு. பெட்டி கட்டும் முன் விதிமுறையைப் பார்த்துவிடுங்கள்.