கடலோரப் பழைய ஹோட்டலில் ஒரு திருமணம்: படம் எடுப்பது எப்படி?

கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பழம்பெரும் ஹோட்டலில் திருமணம் என்றதும், "இடமே இவ்வளவு அழகு, எங்கே நின்று எடுத்தாலும் நன்றாக வரும்" என்றுதான் தோன்றும். அங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். வெளியே மணலும் கடலும் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம். நாலு அடி உள்ளே வந்தால் கருத்த மரவேலைப்பாடும் மங்கிய மஞ்சள் விளக்கும். ஒரே நாளில் இந்த இரண்டு உலகத்துக்கும் மாறி மாறி ஓட வேண்டியிருக்கும். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது போலத்தான்.

படி 1: கடல் எந்தத் திசையில் இருக்கிறது?

கேமராவைத் தொடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

கடல் மேற்கே இருந்தால் மாலையில் சூரியன் கடலுக்கு மேலேயே இறங்கும். விருந்தினர் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் அவர்கள் கண்ணில் வெயில் அடிக்கும். மணமக்களுக்குப் பின்னால் சூரியன் நிற்பதால் அவர்கள் முகம் இருட்டாகும். சடங்கைச் சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே தொடங்கினால், அது முடிந்தபின் மணமக்களைத் தனியாக எடுக்கப் பொன்னிற வெளிச்சம் மிச்சமிருக்கும்.

கடல் கிழக்கே இருந்தால் கதை தலைகீழ். மதியத்துக்குப் பிறகு சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும். ஹோட்டலின் நிழல் புல்வெளியிலும் மணலிலும் நீளும். முகத்துக்கு இதைவிட மென்மையான வெளிச்சம் கிடைக்காது. ஆனால் அந்த நிழலின் விளிம்பு நகர்ந்துகொண்டே இருக்கும். மேடை அந்த விளிம்பில் அமைந்துவிட்டால் ஒருவர் வெயிலிலும் ஒருவர் நிழலிலும் நிற்பார்கள். எந்த எக்ஸ்போஷரும் (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு) இருவருக்கும் பொருந்தாது. முந்தைய நாள் அதே நேரத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து, மேடையைச் சில மீட்டர் நகர்த்தச் சொல்லுங்கள். நாற்காலிகளைப் போட்ட பிறகு கேட்டால் யாரும் நகர்த்த மாட்டார்கள். இந்தக் கடற்கரையில் சூரியன் கடலில் மறையாது என்பதையும் மணமக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடலோடு சூரியன் வேண்டுமென்றால் விடியற்காலையில்தான் எழ வேண்டும்.

சூரியன் மறைய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அறியக் கையை முழுவதுமாக நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே விரல்களைப் படுக்கையாக அடுக்கிப் பாருங்கள். ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம்.

படி 2: முந்தைய நாளே நடந்து பாருங்கள்

மணமக்கள் தயாராகும் அறையிலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து மணலுக்கு, மணலிலிருந்து விருந்து மண்டபத்துக்கு நடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் லிஃப்ட் சின்னதாகவும் தாமதமாகவும் இருப்பது வழக்கம். உங்களுக்கு 4 நிமிடம் எடுக்கும் தூரம், நீளமான உடையில் வரும் மணப்பெண்ணுக்கு 10 நிமிடம்.

கடலின் ஏற்ற இறக்கத்தையும் பாருங்கள். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று மாலை 5 மணிக்கு ஈர மணல் அகலமாக விரிந்திருந்தது என்றால், நாளை அதே நிலை 6 மணி வாக்கில்தான் வரும். தண்ணீர் வடிந்து கண்ணாடிபோல் மின்னும் மணலில் உருவமும் கட்டடமும் பிரதிபலிக்கும். ஏற்றத்தில் நிற்கவே இடமிருக்காது. அந்த ஊருக்கான ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துத்தான் நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

படி 3: அனுமதி

ஹோட்டல் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய ஓவியங்கள், திரைச்சீலைகள் உள்ள இடங்களில் ஃபிளாஷ் கூடாது என்று சொல்வார்கள். மெருகேற்றிய மரத்தரையில் ஸ்டாண்டு வைக்க அடியில் ரப்பர் மூடி வேண்டும்; பசை டேப் ஒட்டினால் மெருகு உரிந்து வந்துவிடும். சில இடங்களில் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும் கேட்பார்கள். டிரோனுக்கு ஹோட்டல் அனுமதி மட்டும் போதாது, அந்த நாட்டின் விமான விதிகளும் உண்டு. முகப்புப் படிக்கட்டில் மற்ற விருந்தினரின் நடமாட்டம் எப்போது குறைவு என்று வரவேற்பில் கேட்டு வையுங்கள். இந்த ஒரு கேள்வி மணிக்கணக்கான காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

படி 4: என்னென்ன எடுத்துப்போக வேண்டும்

இரண்டு கேமரா, கட்டாயம். ஒன்று பழுதானால் இன்னொன்று என்பது ஒரு காரணம். மணலில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். ஒன்றில் அகன்ற காட்சிக்கு 35 மி.மீ. லென்ஸ், மற்றொன்றில் நெருக்கமான காட்சிக்கு 85 மி.மீ.; அல்லது 24–70, 70–200 ஜூம் ஜோடி. இரண்டு ஃபிளாஷ், அவற்றைத் தூரத்திலிருந்து இயக்க ஒரு டிரிகர், வெளிச்சத்தை 4 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாக்குவது) குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர் (லென்ஸ் முன் மாட்டும் கருங்கண்ணாடி), ஃபிளாஷுக்கு ஆரஞ்சு ஜெல் (நிறத்தாள்), ஒரு டிரைபாட், ஸ்டாண்டு ஒன்றுக்கு 5 முதல் 7 கிலோ மணல்பை. பையை வெறுமையாக எடுத்துப் போங்கள், அங்கே நிரப்பிக்கொள்ளலாம். கடற்காற்றில் ஃபிளாஷ் குடை வேலைக்கு ஆகாது. அது பாய்மரம்போல் காற்றை வாங்கி ஸ்டாண்டையே சாய்த்துவிடும்.

விமானத்தில் போவதென்றால் உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஒன்று 100 வாட்-அவர் தாண்டினால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. கேமரா பேட்டரிகள் இந்த அளவுக்குக் கீழேதான் வரும். பெரிய ஸ்டுடியோ ஃபிளாஷ் பேட்டரியைச் சரிபாருங்கள். போய்ச் சேர்ந்ததும் இரண்டு கேமராக்களின் கடிகாரத்தையும் ஒரே நேரத்தில் அந்த ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் படங்களை வரிசைப்படுத்தும்போது சடங்கும் விருந்தும் கலந்து கிடக்கும்.

படி 5: பனிபோல் படியும் ஈரம்

குளிரூட்டிய அறையிலிருந்து வெப்பமான கடற்காற்றுக்குள் வந்த நொடியில் லென்ஸ் முழுவதும் ஈரம் படிந்துவிடும். குளிர்ந்த கண்ணாடியில் காற்றின் ஈரம் ஒட்டிக்கொள்வதால் இப்படி ஆகிறது. துடைத்தாலும் பயனில்லை, கண்ணாடி சூடாகும்வரை மீண்டும் மீண்டும் படியும். தேவைப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒரு கேமராவை மூடிய பையில் வைத்து, வெயில் நேராகப் படாத பால்கனியில் வைத்துவிடுங்கள். பையைத் திறக்காமல் விட்டால் ஈரம் பையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும்.

படி 6: தயாராகும் அறை

முதல் வேலை, அறையின் விளக்குகளை அணைப்பது. பழைய மேசை விளக்குகள் சுமார் 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்). ஜன்னல் வெளிச்சம் 5500 வாக்கில். இரண்டும் சேர்ந்தால் முகத்தின் ஒரு பாதி ஆரஞ்சு, மறுபாதி நீலம். பின்னால் திருத்தவே முடியாத சில தவறுகளில் இது ஒன்று. மணப்பெண்ணை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஜன்னலுக்குப் பக்கவாட்டாக நிறுத்துங்கள். எஃப் 2.8 (லென்ஸின் திறப்பு; எண் கூடினால் திறப்பு சுருங்கும்), ஷட்டர் 1/160 நொடி, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 400 முதல் 800 வரை வைத்துத் தொடங்கலாம். ஒரு மூலையை மட்டும் சுத்தம் செய்தால் போதும், முழு அறையையும் ஒதுக்க நேரம் கிடைக்காது.

படி 7: சடங்கு

மேனுவலில் (அளவுகளை நீங்களே வைக்கும் முறை) எடுங்கள். ஆட்டோவில் விட்டால் பின்னால் இருக்கும் கடலின் பளபளப்பைப் பார்த்துக் கேமரா முகங்களை இருட்டாக்கிவிடும். ஆட்டோதான் பழக்கம் என்றால் எக்ஸ்போஷரை +1 முதல் +1.7 வரை ஏற்றி வையுங்கள். அலை மேல் மின்னும் புள்ளிகள் வெளுத்துப்போனால் பரவாயில்லை. முகமும் வெள்ளை உடையின் மடிப்புகளும் வெளுக்கக் கூடாது. நடந்து வரும்போது ஷட்டர் 1/500க்குக் குறைய வேண்டாம்.

உள்ளே மண்டபத்தில் சடங்கு என்றால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் ஆசை வரும். எல்இடி விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து துடிப்பதால் படத்தில் பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/120 அல்லது 1/125 வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

படி 8: குடும்பப் படங்கள்

யார் யார் சேர்ந்து நிற்க வேண்டும் என்ற பட்டியலை மணமக்களிடம் முன்பே வாங்குங்கள். ஒரு குழுவுக்கு 3 நிமிடம். 12 குழு என்றால் 36 நிமிடம். வயதானவர்கள் முதலில் நின்றுவிட்டுப் போய் உட்காரட்டும். இரண்டு வரிசைக்கு எஃப் 5.6, மூன்றுக்கு எஃப் 8. குழுவுக்கு 5 படமாவது எடுங்கள், யாராவது கண்ணை மூடியிருப்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட அந்தக் குடும்பத்திலேயே உரக்கப் பேசும் ஒருவரைப் பிடித்துக்கொள்வது நல்லது.

படி 9: மணமக்கள் மட்டும்

ஹோட்டலின் பேரழகும் கடலின் விரிவும் ஒன்றாகப் படத்துக்குள் வருவது இங்கேதான். 40 நிமிடமாவது கேட்டு வாங்குங்கள்.

தூண்கள் நிற்கும் தாழ்வாரத்தில் தொடங்கலாம். இருவரையும் வெளி விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உள்ளே தள்ளி, கடலைப் பார்த்து நிறுத்துங்கள். வெளிச்சம் முன்னாலிருந்து மென்மையாக விழும், பின்னால் தாழ்வாரம் இருண்டு ஆழமாகத் தெரியும். தூண்கள் சாய்ந்து விழுவதுபோல் வருகிறதா? கேமராவை மேலே அண்ணாந்து பிடித்திருக்கிறீர்கள். மட்டமாகப் பிடித்து நாலு அடி பின்னால் போங்கள். 16 மி.மீ. லென்ஸால் முழுக் கட்டடத்தையும் அள்ள நினைக்க வேண்டாம், ஓரத்தில் நிற்பவர் பக்கவாட்டில் இழுபட்டுப் பருமனாகிவிடுவார்.

மணலில் அடிவானக் கோடுதான் தொல்லை. அது இருவரின் கழுத்தை அறுத்துக்கொண்டு போகும். சமதரையில், கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் அடிவானம் உடலை வெட்டும். கண் உயரத்தில் பிடித்தால் தலையில் வெட்டும். இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள், கோடு இடுப்புக்குப் போய்விடும், தலையும் தோளும் தெளிந்த வானத்தின் முன் நிற்கும். இதைப் புரிந்துகொண்டவர்களுக்குக் கடற்கரைப் படம் பாதி கைவந்தது.

காற்றை முகத்தில் வாங்கும்படி நிறுத்துங்கள். முதுகில் வாங்கினால் முடி கண்ணை மறைக்கும்.

சூரியனுக்கு எதிரே நிறுத்தி ஃபிளாஷ் போடுவதென்றால் கணக்கு இப்படி: நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8 வைத்தால் ஷட்டர் 1/3200 வரை ஏறும். சாதாரண ஃபிளாஷ் 1/200க்கு மேல் ஒத்துப்போகாது. 4 ஸ்டாப் என்டி போட்டால் 1/200க்கு இறங்கிவிடும். வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷை வேலை செய்யவைக்கும் ஹை ஸ்பீட் சிங்க்கும் உண்டு, ஆனால் அதில் ஃபிளாஷின் பலம் வெகுவாகக் குறையும். சின்ன ஃபிளாஷ் ஒன்றை வைத்துக்கொண்டு வெயிலோடு போட்டி போட முடியாது.

கடைசியாக, சூரியன் மறைந்து சுமார் 15 நிமிடம் கழித்து, கட்டடத்தின் முன்னால் வாருங்கள். வானம் ஆழ்ந்த நீலமாகும்போது ஜன்னல் விளக்குகளும் வானமும் ஒரே அளவு பிரகாசத்துக்கு வரும். பூமத்திய ரேகைக்கு அருகே இது கால் மணி நேரம்தான் நீடிக்கும். முகப்பு அறைகளின் விளக்குகளை எல்லாம் போட்டு வைக்கும்படி ஹோட்டலிடம் மதியமே சொல்லிவிடுங்கள். டிரைபாட், ஐஎஸ்ஓ 800, எஃப் 2.8, 1/30, பக்கவாட்டில் முழுப் பலத்தில் 1/64 பங்கில் ஒரு ஃபிளாஷ். அந்த நாளில் ஒரே ஒரு படம்தான் சுவரில் மாட்டப்படும் என்றால் பெரும்பாலும் அது இதுவாகத்தான் இருக்கும், ஆகவே விருந்துக்கு அழைக்கிறார்கள் என்று இதை விட்டுவிடாதீர்கள்.

படி 10: விருந்து மண்டபம்

ஃபிளாஷைக் கூரையில் அடித்து வெளிச்சம் வாங்கும் பழக்கம் இங்கே தோற்கும். கூரை மிக உயரம், பல இடங்களில் கரும் மரம் அல்லது வண்ண ஓவியம். வெளிச்சம் திரும்பாது, திரும்பினாலும் அந்த நிறத்தோடு திரும்பும். எதிரெதிர் மூலைகளில் இரண்டு ஃபிளாஷை 2.5 மீட்டர் உயரத்தில், மணல்பை கட்டி, 1/16 பலத்தில் வையுங்கள். ஆரஞ்சு ஜெல் போட்டு ஒயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமன்) 3200 கெல்வினுக்கு வைத்தால் தொங்குவிளக்குகளின் நிறத்தோடு ஒட்டும். சுவர்க் கண்ணாடிகளில் ஃபிளாஷ் தெரிகிறதா என்று ஒரு சோதனைப் படம் எடுத்துப் பாருங்கள்.

படி 11: அன்று இரவே

நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் மேற்புறத்தைத் துடைத்து உலர்த்துங்கள். டிரைபாட் கால்களை விரித்துக் கழுவுங்கள். உப்பு தங்கினால் மறைகள் அரித்து இறுகிவிடும். லென்ஸ் கண்ணாடியை முதலில் ஊதித் தூசி நீக்குங்கள், மணல் துகளோடு துடைத்தால் கீறல் நிச்சயம்.

படங்களை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து வேறு வேறு பைகளில் வையுங்கள். மெமரி கார்டுகள் மூன்றாவது நகல். அவை உங்கள் உடலோடு இருக்கும் சின்னப் பையில் வரட்டும். வீட்டுக்கு வந்து, நகல்களைத் திறந்து பார்த்து, கூடுதலாக ஒரு பிரதியை வேறொரு இடத்தில் சேர்க்கும்வரை எந்தக் கார்டையும் ஃபார்மேட் செய்யாதீர்கள்.