புற்றுநோய் வரைபடம்: எல்லை போடும்போது சறுக்கும் இடங்கள்

புதிதாகச் சேர்ந்த தம்பி போன வாரம் ஒரு புற்றுநோய் வரைபடத்தைத் திறந்து காட்டினார். சென்னை முழுக்கச் சிவப்பு, அதாவது நோய் விகிதம் அதிகம். "அண்ணா, இவ்வளவு கேஸா?" என்றார். பத்து வருடத்துக்கு முன் அதே சிவப்பை நானும் அடித்திருக்கிறேன். வயதுவாரித் தரப்படுத்தலை (ஊருக்கு ஊர் வயதுக் கலவை வேறாக இருப்பதைச் சரிக்கட்டும் கணக்கை) எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள்; அதை விடுகிறேன். எல்லையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மேலே ஒரு சென்னை, கீழே ஒரு சென்னை

நோய் விகிதம் வகுத்தல் கணக்கு. மேலே நோயாளிகள், கீழே மக்கள்தொகை. இரண்டுக்கும் எல்லை ஒன்றாக இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்துக்கு 46.5 லட்சம் பேர். அது 174 சதுர கிலோமீட்டர் பழைய சென்னை. அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் ஆனது. அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் எல்லாம் உள்ளே வந்தன. அதே கணக்கெடுப்பின்படி அந்தப் பெரிய எல்லைக்குள் சுமார் 67 லட்சம் பேர். நான் அம்பத்தூர் முதலான புதிய பகுதிகளின் நோயாளிகளையெல்லாம் மேலே சேர்த்துவிட்டு, கீழே 46.5 லட்சத்தையே போட்டேன். விகிதம் நாற்பது சதவீதத்துக்கு மேல் வீங்கிவிட்டது. அச்சுக்குப் போன அறிக்கையைத் திரும்ப வாங்கினோம். இன்னும் எரிகிறது.

வார்டுகளும் 155-லிருந்து 200 ஆகி, எண்களெல்லாம் மாறின. இன்றைய 1-வது வார்டு திருவொற்றியூர் மண்டலத்தில். பழைய பட்டியலில் அந்த ஊரே கிடையாது. மாவட்டங்களும் இப்படித்தான். 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்தன, 2020-இல் மயிலாடுதுறை. பழைய கேஸ் ஷீட்டில் கள்ளக்குறிச்சிக்காரர் இன்னும் விழுப்புரத்துக்காரர்தான்.

முகவரியைக் கிராமம் அல்லது தெரு வரை பதிந்து வையுங்கள். வார்டுக் கோடு, மாவட்டக் கோடு எது மாறினாலும் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம். எல்லைக் கோப்பின் (எல்லைக் கோடுகள் உள்ள கணினிக் கோப்பின்) பெயரிலேயே ஆண்டை எழுதுங்கள். நீண்ட காலப் போக்கைக் காட்டும்போது பிரிந்த மாவட்டங்களைத் தாய் மாவட்டத்தோடு சேர்த்தே காட்டுங்கள்.

பின்கோடு

தபால்காரருக்குப் போட்ட எல்லை. வார்டு எல்லையோடு ஒட்டாது.

இரண்டு நோயாளிகள் உள்ள வார்டு

இந்த வருடம் இரண்டு, அடுத்த வருடம் நான்கு. உடனே "இரட்டிப்பு" என்று தலைப்பு வரும். அந்த இரண்டு பேர் யாரென்று தெருவுக்கே தெரிந்துவிடும். ஐந்து ஆண்டுகளைக் கூட்டுங்கள், அல்லது பக்கத்து வார்டுகளை இணையுங்கள். இணைப்பதை விகிதம் பார்க்குமுன் முடித்துவிடுங்கள்; பார்த்தபின் இணைத்தால் வேண்டிய முடிவுக்கு வளைத்தது போலாகிவிடும்.

லாட்ஜ் முகவரி

வெளியூர் நோயாளி மருத்துவமனைக்குப் பக்கத்து லாட்ஜையோ மச்சான் வீட்டையோ எழுதிக்கொடுப்பார். அந்த வார்டு சிவந்துவிடும். ஓராண்டாவது குடியிருந்தவரைத்தான் புற்றுநோய்ப் பதிவேடு (ஒரு பகுதியின் நோயாளிகளைக் கணக்கில் வைக்கும் அமைப்பு) அந்த ஊர்க்காரராகக் கொள்ளும். தம்பியின் பட்டியலில் ஒரே கதவு எண்ணில் ஒன்பது பேர் இருந்தார்கள்.