லாக் செய்யும் முன் கேளுங்கள்: சாம்பியன் ஸ்வாப்பில் நடக்கும் தவறுகள்

இரு அணிகள் மோதும் ஆன்லைன் விளையாட்டான லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ரேங்க்ட் மேட்ச் (தரவரிசைக்கான ஆட்டம்). உங்களுக்கு மிட் லேன் (நடுப்பாதை), சாம்பியனை, அதாவது ஆடும் கதாபாத்திரத்தை, தேர்ந்தெடுக்கும் வரிசையில் அணியில் கடைசி பிக். ஓரியானா என்ற சாம்பியன்தான் வேண்டும், ஆனால் உங்கள் முறை வருவதற்குள் எதிரணி எடுத்துவிடுமோ என்று பயம். முதல் பிக்கில் இருக்கும் சப்போர்ட்டிடம் (துணைக்கு ஆடுபவரிடம்) "எனக்காக ஓரியானா எடுத்து வைங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்று சாட்டில் சொல்கிறீர்கள். அவரும் லாக் செய்கிறார், அதாவது தேர்வை உறுதிசெய்கிறார்.

சிக்கல் உங்கள் முறை வரும்போதுதான் தெரியும். அவருக்கு திரெஷ் என்ற சப்போர்ட் சாம்பியன் வேண்டும், உங்கள் கணக்கில் திரெஷ் இல்லை. மிட் மட்டுமே ஆடுகிறவர் திரெஷை எதற்கு வாங்கி வைத்திருக்கப் போகிறார்? ஸ்வாப் (சாம்பியனை மாற்றிக்கொள்வது) நடக்க வேண்டுமென்றால் இரண்டு சாம்பியன்களும் இருவர் கணக்கிலும் இருக்க வேண்டும். "உங்ககிட்ட ஓரியானா இருக்கா?" என்று எல்லோரும் கேட்கிறோம். அவருக்கு வேண்டியது நம்மிடம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். அவர் லாக் செய்வதற்கு முன்பே "நீங்க யாரை ஆடப்போறீங்க? ரெண்டு மூணு பேர் சொல்லுங்க" என்று கேட்டுவிடுங்கள். ஒரு பெயர் போதாது, ஏனென்றால் இடையில் எதிரணி திரெஷையும் தூக்கிவிடலாம்.

பிக் வரிசையையே மாற்றிக்கொள்ளும் வசதியும் இருப்பது பலர் நினைவுக்கு வருவதில்லை. அதில் யாரிடம் எந்தச் சாம்பியன் இருக்கிறது என்ற கேள்வியே எழாது. நீங்கள் முன்னால் போய் உங்களுக்கு வேண்டியதை எடுப்பீர்கள், அவர் பின்னால் வந்து தனக்கானதை எடுப்பார். முதலில் இதைக் கேளுங்கள். முறை வந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

ஸ்வாப் முடிந்ததும் பெரும்பாலானவர்கள் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சாம்பியன் கை மாறினாலும் ரூன் பக்கம் (ஆட்டத்துக்கு முன் தேர்ந்தெடுக்கும் கூடுதல் திறன்களின் தொகுப்பு) உங்களிடமேதான் இருக்கும். ஒருமுறை நண்பனுக்காக ஓரியானாவை எடுத்து வைத்திருந்தேன். அப்போது தேர்ந்தெடுத்த சம்மன் ஏரி ரூனுடனே திரெஷாக உள்ளே போய்விட்டேன். முதல் சண்டையில் கொக்கி சரியாக மாட்டியது, பாய்ந்து போனேன். ஆஃப்டர்ஷாக் ரூன் இருந்திருந்தால் அந்த நொடியில் கவசம் ஏறியிருக்கும். ஏறவில்லை, இரண்டு பேர் அடித்துச் சாய்த்துவிட்டார்கள். மேட்ச் தொடங்கிய பிறகு ரூனை மாற்ற முடியாது. அரை மணி நேரம் அந்தத் திரெஷோடுதான் ஓட்டினேன், பாவம் என் ஏடிசி (என்னோடு அதே லேனில் ஆடிய தாக்குதல்காரர்). அதிலிருந்து ஸ்வாப் ஆன கையோடு ரூன் பெயரை ஒருமுறை வாசித்துவிடுகிறேன்.

இருவரும் சாம்பியனை மட்டுமல்லாமல் லேனையே மாற்றிக்கொண்டால் இன்னொரு ஆபத்து உண்டு. ஜங்கிளுக்கு, அதாவது லேன்களுக்கு இடையிலுள்ள காட்டுக்கு, போகிறவர் ஸ்மைட் ஸ்பெல்லை (ஆட்டத்துக்கு முன் தேர்ந்தெடுக்கும் மந்திரத்தை) எடுத்தாரா? அது இல்லாமல் ஜங்கிள் பொருளை வாங்கவே முடியாது. ஸ்பெல்லை அவசரத்தில் மாற்றும்போது, தப்பிக்க உதவும் ஃப்ளாஷ் ஸ்பெல் டி விசையிலிருந்து எஃப் விசைக்குத் தாவிவிடுவதும் உண்டு. அதைக் கவனிக்காமல் உள்ளே போனால் தப்பிக்க வேண்டிய நேரத்தில் விரல் தவறான விசைக்குப் போகும்.

தேர்வு நேரத்தின் கடைசி ஐந்து நொடியில் ஸ்வாப் கோரிக்கை அனுப்பாதீர்கள். அவர் ரூன் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார், கோரிக்கை கண்ணில் படாது. பட்டாலும் ஏற்றபின் ரூனைச் சரிசெய்ய நேரம் இருக்காது. இருவரும் லாக் செய்தவுடனே, எதற்கு என்று ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். அவர் நன்றாக ஆடும் சாம்பியன் உங்களுக்கும் பிடிக்கும் என்பதற்காக மூன்று முறை, நான்கு முறை கேட்பது அணியைத் தொடங்கும் முன்பே உடைக்கும்.

உங்களுக்கு அப்படி ஒரு கோரிக்கை வந்து, கிடைக்கப்போகும் சாம்பியனை நீங்கள் ஆடியதே இல்லை என்றால், முகதாட்சண்யத்துக்காக ஏற்காதீர்கள். "இதை நான் ஆடினதில்லை, என்னோடதையே வச்சுக்கிறேன்" என்று எழுதினால் போதும், அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.