ஒரு டைம்யோ எவ்ளோ பெரிய ஆளுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

ஜப்பான் ஹிஸ்டரி படிக்கிறப்ப டைம்யோ (அந்தந்த ஏரியாவ ஆண்ட பெரிய பிரபு) பேரா வந்து கொட்டும், யாரு பெரிய தலைன்னே புரியாது. எடோ காலம்னா (தொகுகாவா குடும்பத்து ஷோகன்கள், அதாவது ராணுவத் தலைவர்கள், ஜப்பான ஆண்ட காலம்) மொதல்ல எத்தன கொக்குன்னு பாருங்க. அது அரிசி அளவு, சுமாரா 150 கிலோ, ஒரு ஆளுக்கு ஒரு வருஷ சாப்பாடுன்னு வச்சுக்கோங்க. நெலத்தோட விளைச்சல் மதிப்பு 10,000 கொக்காவது இருந்தாதான் டைம்யோ, கனசாவால இருந்த மயேதா குடும்பத்துக்கு 10 லட்சத்துக்கும் மேல!

ஆனா அரிசிய மட்டும் பாத்து முடிவு பண்ணிடாதீங்க. 1600ல தொகுகாவா ஜெயிச்ச செகிகஹாரா சண்டைக்கு முன்னாடியே தொகுகாவாவுக்கு ஆளா இருந்தவங்க ஃபுதாய், அதுக்கப்புறம் பணிஞ்சவங்க தொசாமா. தொசாமா சிலர்கிட்ட நெலம் எக்கச்சக்கமா இருக்கும் (மயேதாவும் தொசாமாதான்), ஆனா ஷோகன் அரசாங்கத்துல முக்கியமான போஸ்டிங்லாம் பெரும்பாலும் ஃபுதாய்க்குத்தான்.

அடுத்து செலவ பாருங்க. 1635ல சட்டமே போட்டாங்க, டைம்யோ பொதுவா ஒரு வருஷம் சொந்த ஊரு ஒரு வருஷம் எடோ (ஷோகன் இருந்த ஊரு, இப்போதைய டோக்கியோ), பொண்டாட்டி புள்ளைங்க எடோலயே இருக்கணும், பச்சையா சொன்னா பணயக்கைதி, பரிவாரத்தோட போய்ட்டு வந்தே பாதி பேரு கடனாளி ஆயிருப்பாங்க போல.

டைம்யோவுக்கு கீழ இருந்த சாமுராய்னு வந்தா நெலம் வச்சிருந்தாரா இல்ல சம்பளமான்னு செக் பண்ணுங்க, ஏன்னா எடோ காலத்துல நெறைய பேரு கோட்டை ஊர்ல உக்காந்து டைம்யோகிட்ட அரிசிய சம்பளமா வாங்கிட்டு ஆபீஸ் வேலைதான் பாத்தாங்க.