ரெட்லைன் வரை மிதிக்கலாமா? இன்ஜின் எதில் தேயும், எதில் தேயாது

ஆர்பிஎம் முள், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள், 3000-ஐத் தாண்டினாலே இன்ஜின் தேய்ந்துவிடும் என்று நம்பி, 40 கி.மீ. வேகத்திலேயே ஐந்தாவது கியரைப் போட்டுக்கொண்டு, கத்திப்பாரா மேம்பாலத்தில் வண்டி உதறிக்கொண்டே ஏறுவதைப் பற்றிக் கவலைப்படாமல் ஓட்டுபவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். நன்றாகச் சூடேறி, ஆயிலும் கூலன்டும் சரியாக இருக்கிற பெட்ரோல் இன்ஜினை அவ்வப்போது 5000, 6000 வரை கொண்டுபோனால் அதற்கு ஒன்றும் ஆகாது. அதைக் கெடுப்பது வேறு சில பழக்கங்கள், அவற்றில் பாதியை நாம் இன்ஜினைக் காப்பாற்றுவதாக நினைத்தே செய்கிறோம்.

முதலில் அந்த முள் ஓடும் வட்டத்தில் மேல் எல்லையாகப் போட்டிருக்கும் சிவப்புக் கோடு, அதாவது ரெட்லைன், எதற்கு என்று பார்த்துவிடலாம். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வர வேண்டும். அந்தத் திருப்பத்தில், பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை சுற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, அதாவது 3000-லிருந்து 6000-க்குப் போனால் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. இன்னொரு பக்கம் வால்வ் ஸ்பிரிங். ஒரு அளவுக்கு மேல் சுற்று ஏறினால் ஸ்பிரிங்கால் வால்வை நேரத்துக்கு மூட முடியாது, மூடாத வால்வை பிஸ்டன் வந்து இடித்தால் கதை முடிந்தது. இதையெல்லாம் கணக்குப் பார்த்து, இன்ஜினை பெஞ்சில் முழுச் சுமையோடு பல நூறு மணி நேரம் ஓட்டிச் சோதித்து, கொஞ்சம் இடைவெளியும் விட்டுத்தான் கோட்டைப் போடுகிறார்கள். சாதாரண பெட்ரோல் காருக்கு அது 6000 - 6500 அளவில் இருக்கும், டீசலுக்கு 4500 - 5000. நம் தெருவெல்லாம் ஓடிய மாருதியின் 1.2 லிட்டர் கே சீரிஸ் இன்ஜினில் பிஸ்டன் ஓட்டம் (மேலிருந்து கீழே வரும் தூரம்) 71.5 மி.மீ., 6000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு சுமார் 14 மீட்டர்தான். 9000 சுற்று வரை போகும்படி தொழிற்சாலையிலிருந்தே வந்த ஹோண்டா எஸ்2000 காரில் அது நொடிக்கு 25 மீட்டர். நாம் பயப்படுகிற 4000-ல் அந்த மாருதி இன்ஜின் ஏறக்குறைய நிதானமாகத்தான் இருக்கிறது.

சரி, அப்படியானால் தேய்மானமே இல்லையா? இருக்கிறது. சுற்று கூடினால் உராய்வும் சூடும் கூடும், ஆயில் கொஞ்சம் அதிகம் செலவாகும், பெட்ரோல் நிறையவே போகும். ஆனால் ஓவர்டேக் செய்ய 5500-ல் ஐந்து நொடி பிடித்தால் இன்ஜின் சுற்றுவது 460 சுற்றுகூட இல்லை, அண்ணா சாலை நெரிசலில் பத்து நிமிடம் ஐடிலில் நின்றாலே 8000 சுற்று ஆகிவிடும். இன்ஜினுக்குள் சுழலும் தண்டையும் அதைத் தாங்கும் பேரிங்கையும் பிரித்து வைப்பது ஆயில் படலம், தண்டு வேகமாகச் சுற்றும்போது அந்தப் படலம் தடிமனாகத்தான் ஆகிறது. மெதுவாகச் சுற்றிக்கொண்டே பெரிய சுமையை இழுக்கும்போதுதான் அது மெலிகிறது.

இப்போது என்ன செய்வது என்று வருகிறேன். காலையில் சாவியைத் திருப்பியதும் நின்ற இடத்திலேயே ரைஸ் பண்ணுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். இரவெல்லாம் ஆயில் கீழே வடிந்து கிடக்கிறது, மேலே ஏறி எல்லா இடத்தையும் நனைக்கச் சில நொடி தேவை. அதற்காகப் பத்து நிமிடம் ஐடிலில் விடவும் வேண்டாம், சென்னையில் மார்கழியில்கூட அதற்குத் தேவையில்லை. அரை நிமிடம் விட்டுக் கிளம்பி, முதல் நான்கைந்து கிலோமீட்டர் 2500-க்குள் மெதுவாக ஓட்டினால் போதும். டாஷ்போர்டில் நீல விளக்கு அணைந்தால் கூலன்ட் ஓரளவு சூடாகிவிட்டது என்றுதான் பொருள், ஆயில் சூடேற அதற்கு மேலும் நேரம் ஆகும். பக்கத்துத் தெருக் கடைக்கும் ஸ்கூலுக்கும் மட்டுமே ஓடுகிற வண்டி இந்த நிலைக்கே வருவதில்லை, அந்த வண்டிகளில் ஆயிலை மேனுவலில் கடினமான பயன்பாட்டுக்கு என்று போட்டிருக்கும் கெடுவில் மாற்றுங்கள்.

சூடேறிய பிறகு, தேவைப்படும் இடத்தில் தயங்காமல் மிதியுங்கள். மதுரவாயல் பைபாஸில் சர்வீஸ் ரோட்டிலிருந்து லாரிகளுக்கு நடுவே சேரும்போதும், ஈ.சி.ஆரில் ஒரு பஸ்ஸைத் தாண்டும்போதும் மூன்றாவது கியருக்கு இறக்கி, பெட்ரோல் வண்டியில் 5000 வரை இழுத்து வேலையைச் சீக்கிரம் முடிப்பதுதான் பாதுகாப்பு. ஐந்தாவதிலேயே திணறிக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் நீண்ட நேரம் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. ஆனால் கோட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. நான் சொன்ன அந்த 1.2 பெட்ரோலில் அதிகபட்ச சக்தி 6000-ல் வந்துவிடுகிறது, பெரும்பாலான சிறிய டர்போ பெட்ரோலில் 5000 - 5500, டீசலில் 4000 அளவில். அதற்கு மேல் சத்தம்தான் ஏறும், இழுவை ஏறாது. புது வண்டி என்றால் முதல் 1000 கி.மீ. வரை மேனுவல் சொல்வதைக் கேளுங்கள்.

மேம்பாலத்தில் வண்டி உதறினாலோ, மிதித்தால் கடகடவென்று தட்டும் சத்தம் வந்தாலோ உடனே கியரை இறக்குங்கள். டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 1500 ஆர்பிஎம்மில் உயர் கியரில் முழுதாக மிதித்தால் சில சமயம் எரிபொருள் நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும், அந்த அடியில் பிஸ்டனே உடையலாம்.

ரெட்லைனைப் பற்றி உண்மையாகவே பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது தவறான கியர். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இன்ஜினின் கணினி எரிபொருளை வெட்டி, சுற்று கோட்டுக்கு மேல் ஏறாமல் தடுத்துவிடும். ஆனால் 100-ல் போகும்போது ஐந்திலிருந்து நான்குக்கு இழுப்பதாக நினைத்து இரண்டில் போட்டுக் கிளட்சை விட்டால், இன்ஜினைச் சுற்றுவது சக்கரங்கள், அங்கே கணினியால் ஒன்றும் செய்ய முடியாது. நான்கும் இரண்டும் கீழ்ப்பக்கம் அடுத்தடுத்து இருப்பதால்தான் இது நடக்கிறது. கியர் தண்டை இறுக்கிப் பிடித்து இடது பக்கம் இழுக்காதீர்கள், உள்ளங்கையால் நேராகக் கீழே கொண்டுவாருங்கள், நடுவரிசைக்கு ஸ்பிரிங்கே கொண்டுபோய் விடும். பிறகு கிளட்சை மெதுவாக விடுங்கள், சுற்று திடீரென்று ஏறுவது தெரிந்தால் திரும்ப அமுக்கிவிடலாம். ஆட்டோமேட்டிக், ஏஎம்டி (கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றும்) வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை, ஆபத்தான கியரைக் கேட்டாலும் அவை தராது.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இரண்டாவது கியரில் முள் 4000-ல் நின்றால் பதற வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருந்தால் அப்போது எரிபொருளே போவதில்லை, பிரேக்கும் சூடாகாமல் இருக்கிறது.

பிஎஸ்6 டீசல் வைத்திருந்து தி. நகர், அம்பத்தூர் என்று ஊருக்குள்ளேயே சுற்றுபவர்களுக்குக் கொஞ்சம் உயர் சுற்று மருந்து மாதிரி. புகைபோக்கியில் உள்ள டிபிஎஃப் வடிகட்டியில் சேரும் கரி எரிய நல்ல சூடு வேண்டும், நெரிசலில் அது கிடைக்காது. அதன் விளக்கு எரிந்தால் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஏறி, 2000 - 2500-ல் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். வேகமாக ஓடி வந்த டர்போ வண்டியை நிறுத்தியதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

கடைசியாக, எந்த வண்டியை விரட்டக் கூடாது? டிப்ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டில் இருப்பது, டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய கெடு தாண்டியது, வெப்பமானி வழக்கத்தை விட ஏறி நிற்பது, கூலன்டுக்குப் பதிலாக போர் தண்ணீர் ஊற்றி ரேடியேட்டரில் உப்புப் படிந்தது. இதில் ஒன்று இருந்தாலும் முதலில் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்யுங்கள், அதுவரை 3000-க்கு மேல் போகாதீர்கள்.